ஆடியில் இறங்கும் என்றிருந்த டிக்கெட்

திண்டுக்கல் பூ மார்க்கெட்டில் முப்பது வருடமாகக் கமிஷன் கடை வைத்திருக்கிறேன். விலையைப் பற்றி எனக்கு எவனும் பாடம் எடுக்க வேண்டாம் என்று சொல்லித் திரிந்தவன். விடிகாலையில் மல்லிகை என்ன விலைக்கு ஏலம் போகிறதோ, பத்து மணிக்கு அதில் பாதிதான் போகும். உச்சிப்பொழுதில் சென்ட் கம்பெனி வண்டி வந்து, மிச்சத்தை அவன் சொன்ன விலைக்கு மூட்டையோடு அள்ளிக்கொண்டு போகும். வாடப் போகிற சரக்கை யாரும் மடியில் கட்டிக்கொண்டு உட்கார முடியாது. இந்த ஒரு கணக்கை வைத்துத்தான் வீடு கட்டினேன், ஒரே மகளை இன்ஜினீயரிங் படிக்க வைத்தேன், சிங்கப்பூரில் வேலை பார்க்கிற பையனுக்குக் கட்டிக்கொடுத்தேன். அதே கணக்கை விமான டிக்கெட்டிலும் போட்டுப் பார்த்தேன்.

வைகாசியில் மகள் போன் செய்தாள். ஐந்தாவது மாதம் நடந்துகொண்டிருந்தது. நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருக்கிறதாம். விமானத்தில் ஏறக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது, முடிந்தவரை படுத்தே இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். மாப்பிள்ளை காலை ஏழு மணிக்கு வேலைக்குப் போனால் இருட்டித்தான் திரும்புவார். பகல் முழுக்க அவள் தனியாக இருந்தாள்.

"தலப்பிரசவத்துக்கு அவ தாய் வீட்டுக்கு வர முடியலேன்னா, தாய் வீடுதான் அவகிட்டப் போகணும். நான் போறேன்," என்றாள் என் மனைவி. அன்றைக்கே பீரோவிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்து வெளியே வைத்துவிட்டாள்.

பேகம்பூரில் எனக்குத் தெரிந்த டிராவல்ஸ் கடை ஒன்று உண்டு. நடத்துகிற அம்மாவுக்கு நாற்பது வயதிருக்கும். மெக்காவுக்கு உம்ரா போகிற ஆட்கள், வளைகுடாவுக்குப் போகிற ஆட்கள் எல்லாரும் அவரிடம்தான் டிக்கெட் போடுவார்கள். கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்து, "மதுரையிலருந்து ஏழாயிரத்து எண்ணூறு காட்டுதுண்ணே. சாப்பாடு, பெட்டி எல்லாம் தனிக்காசு. அப்பிடி இருந்தும் இது நல்ல வெல. போட்ரட்டுமா? விசாவையும் சேத்தே அனுப்பிருவோம்," என்றார்.

"இப்பத்தானம்மா பாத்திருக்கேன். இறங்கட்டும்," என்றேன்.

"இறங்காதுண்ணே. நாளு நெருங்க நெருங்க ஏறும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. பறக்கிற நேரத்தில் காலியாகக் கிடக்கிற சீட்டும் உச்சிப்பொழுது மல்லிகையும் ஒன்றுதானே? விற்காமல் போனால் அவனுக்குத்தானே நட்டம்? இதை அவரிடம் விளக்கமாகவே சொன்னேன். போதாததற்கு, "ஆடி வரட்டும். ஆடியில முகூர்த்தம் இல்ல, விசேசம் இல்ல. பூவே தெருவுல கெடக்கும். எவன் பிளேன் ஏறப் போறான்?" என்றும் கேட்டேன்.

"நல்லா இருக்குண்ணே நீங்க சொல்றது! சிங்கப்பூருக்கு ஆடி ஏது, ஆவணி ஏது? கடைசி நேரத்துல டிக்கெட் கேக்குறவன் யாருன்னு நெனைக்கிறீங்க? சாவுக்குப் போறவன், ஆஸ்பத்திரிக்கு ஓடுறவன். அவன் எம்புட்டுச் சொன்னாலும் குடுப்பான். கம்பெனிக்காரனுக்கு அது தெரியும்," என்றார் அவர்.

நான் காதில் வாங்கவில்லை. பெண்பிள்ளைக்கு வியாபாரம் என்ன தெரியும் என்றுகூட அப்போது நினைத்தேன். இருபது வருடமாக டிக்கெட் விற்கிறவர் அவர். விமானத்தில் ஒரு தடவைகூட ஏறாதவன் நான். திமிர் என்றால் அதுதான் திமிர்.

விசாவும் தள்ளிப் போயிற்று. டிக்கெட் முடிவான பிறகு விசா எடுத்தால் போதும், முன்னாலேயே எடுத்து விசா நாட்களை வீணடிப்பானேன் என்று நினைத்தேன்.

ஆனி மாதம் மாப்பிள்ளை எனக்குப் போன் செய்தார். தயங்கித் தயங்கித்தான் பேசினார். "மாமா, தப்பா எடுத்துக்காதீங்க. அத்தைக்கு இங்கருந்தே நான் டிக்கெட் போட்டுர்றேன். ரெண்டு நிமிஷ வேல."

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. "தலப்பிரசவம் பாக்க மாமியா மருமகன் காசுல வந்தான்னு நாலு பேரு பேசணுமா? எங்க சைடுல அந்த வழக்கம் கெடையாது மாப்ள. பெத்த கடமைய நாங்க பாத்துக்கிறோம். நீங்க ஒங்க வேலயப் பாருங்க," என்று கத்திவிட்டேன். கடையில் நின்ற செம்பட்டி விவசாயி ஒருவர் பூ மூட்டையை இறக்காமல் என்னையே பார்த்தார். மாப்பிள்ளை "சரிங்க மாமா" என்று வைத்துவிட்டார். பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

எங்களிடம் காசு இல்லாமல் இல்லை. இதைச் சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது. ஏழாயிரத்து எண்ணூறு என்ன, அதைப் போல மூன்று மடங்கை ஒரு முகூர்த்த நாள் காலையில் எடுத்துவிடுவேன். எனக்கு ஜெயிக்க வேண்டும், அவ்வளவுதான். எல்லாரும் எட்டுக்கும் ஒன்பதுக்கும் வாங்கிய சீட்டை நான் ஐந்துக்கு வாங்கினேன் என்று மார்க்கெட்டில் சொல்ல வேண்டும். ஏலத்துக்கு ஏலம் போனை எடுத்து விலையைப் பார்ப்பேன். ஒன்பது, ஒன்பதரை, பதினொன்று. ஏற ஏற எனக்கு வீம்பு கூடியது. ஏறுவது இறங்கித்தானே ஆக வேண்டும்?

"கடல் வத்தும், கருவாடு திங்கலாம்னு ஒடல் வத்திச் செத்துச்சாம் கொக்கு," என்றாள் மனைவி.

"ஆடிக்காத்துல அம்மியே பறக்கும். இந்த வெல பறக்காதா? பொறு," என்றேன்.

"பறக்கத்தான் செய்யிது, மேல."

சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. தினமும் மத்தியானம் மகளோடு வீடியோவில் பேசுவாள். "என்ன வெஞ்சனம் வச்ச? நீயா வச்ச? ஏன் நின்ன?" என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். பேசி முடித்ததும் என் முகத்தைப் பார்ப்பாள். நான் தினத்தந்தியை விரித்துக்கொள்வேன்.

ஆடி பிறந்து பத்து நாள் இருக்கும். ஒருநாள் காலையில் போனைப் பார்த்தால் எட்டாயிரத்து நானூறு! பதினொன்றிலிருந்து ஒரே இறக்கம். வீட்டுக்குள் ஓடி மனைவியிடம் காட்டினேன். "பாத்தியா? நான் சொன்னேன்ல?" அடேயப்பா, அன்றைக்கு எனக்கு இருந்த பெருமை!

அவள் ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு போனை வாங்கிப் பார்த்தாள். "போதுங்க. இப்பவே போடுங்க. ஒங்க காலப் புடிச்சுக்கிறேன்," என்றாள். கல்யாணமான இத்தனை வருடத்தில் அவள் அப்படிச் சொன்னதில்லை.

"விழுகுறப்ப கை வைக்கக் கூடாதுடி. இறங்க ஆரம்பிச்சா அடிவரைக்கும் இறங்கும். நாளைக்கு ஆறாயிரம், பாரு," என்று சொல்லிவிட்டு மார்க்கெட்டுக்குக் கிளம்பினேன். மல்லிகை அப்படித்தான் இறங்கும். முப்பது வருடத்தில் ஒரு நாள்கூட அது என்னை ஏமாற்றியதில்லை. மறுநாள் டிக்கெட் பதின்மூன்றாயிரம். மூன்று நாளைக்கு மனைவி சோற்றைப் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள்.

ஆடி முடிய ஒரு வாரம் இருந்தது. காலை பத்து மணி வாக்கில் மாப்பிள்ளை கூப்பிட்டார். குரலே சரியில்லை. அங்கே அடுக்குமாடி வீடுகளில் ஈரத்துணியை மூங்கில் கம்பில் கோத்து, கம்போடு தூக்கி ஜன்னலுக்கு வெளியே செருகுவார்கள். ஏழு மாத வயிற்றோடு மகள் அதைத் தூக்கியிருக்கிறாள். சற்று நேரத்தில் ரத்தம் கொட்டியிருக்கிறது. அவளே ஆம்புலன்ஸுக்குச் சொல்லி, அவளே கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். வயிற்றைக் கிழித்துக் குழந்தையை எடுத்துவிட்டார்கள். பெண் குழந்தை. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள்.

கம்பைத் தூக்கியதால்தான் என்று டாக்டர் சொல்லவில்லை. தூக்காவிட்டாலும் வந்திருக்கலாம் என்றார்களாம். இருக்கலாம். ஆனால் அவள் அம்மா அந்த வீட்டில் இருந்திருந்தால் அந்தக் கம்பை யார் தூக்கியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

பேகம்பூருக்குப் பைக்கில் பறந்தேன். "என்ன வெலயானாலும் போடும்மா," என்றேன். அந்த அம்மா என்னை ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை. "அல்லா காப்பாத்துவான்ண்ணே. டிக்கெட் இருக்கு. விசா இல்லையே. எம்புட்டு அவசரமா அனுப்புனாலும் மூணு நாலு நாளு ஆகுமே," என்றார். வாழ்க்கையிலேயே விலை கேட்காமல் நான் வாங்கிய சரக்கு அந்த டிக்கெட்தான். அதை வைத்துக்கொண்டு, பறக்க முடியாமல், நாங்கள் இரண்டு பேரும் வீட்டில் உட்கார்ந்திருந்தோம்.

குழந்தை இரண்டு நாள் இருந்தது. மூன்றாம் நாள் காலையில் எல்லாம் முடிந்துவிட்டது. நான்காம் நாள் விசா வந்தது.

கிளம்புகிற அன்று மனைவி என்னிடம் முகம் பார்த்துப் பேசினாள். "அரைக் கிலோ மல்லிப்பூ எடுத்துட்டு வாங்க. நல்ல பூவாப் பாத்து."

"எதுக்கு?" என்று கேட்டேன். எனக்கு உண்மையிலேயே புரியவில்லை.

"பால் கட்டியிருக்கும் அவளுக்கு. புள்ள இல்ல. மாருல பூவ வச்சுக் கட்டுனாத்தான் வத்தும்," என்றாள்.

கடைக்குப் போய்ப் பூவை நானே பொறுக்கினேன். வேறு யாரையும் தொட விடவில்லை. பக்கத்துக் கடைக்காரர் "யாருக்குப்பா, ஸ்பெஷலா?" என்று கேட்டார். அங்கேயே மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். மதுரை விமான நிலையத்தில் மனைவி என்னிடமிருந்து பையை வாங்கிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள்.

பத்து நாள் கழித்து மகள் பேசினாள். அதுவரை அவளிடம் பேசுகிற தைரியம் எனக்கு வரவில்லை.

"சாப்டீங்களாப்பா? யாரு சமைக்கிறா?" என்று கேட்டாள்.

"ஓட்டல்ல வாங்கிக்கிறேன்மா," என்றேன். அவளுடைய உடம்பைப் பற்றி நான் கேட்கவில்லை.

அவளாகவே சொன்னாள். "நானும் தெனமும் அந்த வெலயப் பாத்துக்கிட்டேதான்ப்பா இருந்தேன். படுத்தே கெடக்குறேன்ல, வேற என்ன வேல? அன்னிக்கு எட்டாயிரத்து நானூறுக்கு வந்துச்சுல்ல? அப்பா இன்னிக்குப் போட்ருவாருன்னு நெனச்சேன். அம்மா படுக்கணும்னு கட்டிலக்கூட ஒதுக்கிப் போடச் சொல்லிட்டேன்."

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேம்மா. போடுங்கப்பான்னு ஒரு வார்த்த."

"கோவிச்சுக்குவீங்களேப்பா," என்றாள்.

ஆமாம். கோபித்துக்கொண்டுதான் இருப்பேன்.