குற்றால மலையிலிருந்து இறக்கப்பட்டவர்கள்

எங்கள் வீட்டுக் குடும்ப ஜெபத்தில் ஒரு கதை அடிக்கடி வரும். என் கொள்ளுத்தாத்தா உபதேசியாராக இருந்தவர். வெள்ளைக்காரப் பாதிரியாரோடு குற்றால மலையேறி, குகைகளில் இருந்த பளியர் பழங்குடியினரைக் கீழே அழைத்துவந்து வீடும் எழுத்தும் கொடுத்தார் என்று அப்பா பெருமையாகச் சொல்வார். போன வருடம் அப்பா இறந்த பிறகு அவருடைய பீரோவில் கொள்ளுத்தாத்தாவின் நோட்டு கிடைத்தது. இடது பக்கம் மலைப்பெயர், வலது பக்கம் ஞானஸ்நானப் பெயர். மாயாண்டி மோசே ஆகியிருந்தார், கருப்பாயி சாராள். மொத்தம் முப்பத்தெட்டுப் பேர். ஏழு பெயர்களுக்கு எதிரே சிலுவைக்குறி. அந்தக் குடும்பங்களின் வாரிசுகள் இன்னும் அந்த மலையடிவாரத்தில்தான் இருக்கிறார்கள் என்று ஒரு சர்ச் தோழி மூலம் தெரிந்ததும், ஆடி மாதத்தில் மூன்று நாள் விடுப்புப் போட்டுக் கிளம்பினேன்.

மதுரையில் காலை 7.10க்கு செங்கோட்டை ரயில். டிக்கெட் 45 ரூபாய். (சன்னலோரம் வேண்டுமென்றால் அரை மணி நேரம் முன்னதாகவே போய்விடுங்கள்.) தென்காசியில் பத்தேகாலுக்கு இறங்கினேன். அங்கிருந்து குற்றாலம் ஆறு கிலோமீட்டர்தான். சீசன் கூட்டத்தில் பஸ்ஸுக்கு நாற்பது நிமிடம் ஆனது. அறை வாடகை நாளுக்கு 1,400. சீசன் இல்லாதபோது இதே அறை அறுநூறுக்குக் கிடைக்குமாம்.

நான் போகவேண்டிய காலனி அங்கிருந்து பதினோரு கிலோமீட்டர். ஊர்ப் பெயரை எழுதவேண்டாம் என்று அங்குள்ளவர்கள் கேட்டுக்கொண்டார்கள், அதனால் எழுதவில்லை. ஆட்டோ போய்வர ஐந்நூறு ரூபாய். ஓட்டுநர் மாடசாமி சுரண்டைக்காரர். "அங்கன அருவி எதுவும் கிடையாதேக்கா" என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். ஆட்களைப் பார்க்கப் போகிறேன் என்றதும் விட்டுவிட்டார்.

மலையடிவாரத்தில் எதிரெதிராக இரண்டு வரிசை வீடுகள், தலைமாட்டில் ஒரு சின்ன சர்ச். அந்த வாரிசுகளில் ஒருத்தியான ராகேல் ரோட்டுக்கே வந்து நின்றிருந்தாள். பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறாள். நான் யாருடைய கொள்ளுப்பேத்தி, என்னிடம் என்ன நோட்டு இருக்கிறது என்பதைப் போனிலேயே சொல்லியிருந்தேன். அவள் என்னை வரச்சொன்னதற்கு ஒரு காரணம் இருந்தது. மகள் பிளஸ் டூ முடித்துவிட்டு நர்சிங் சேரக் காத்திருந்தாள். அதற்குப் பழங்குடிச் சான்றிதழ் வேண்டும். கிறிஸ்தவப் பெயரையும் காலனியில் சர்ச் இருப்பதையும் பார்த்துவிட்டு, நீங்கள் பளியர்தானா என்று சான்றிதழ் கொடுக்கும் அலுவலகத்தில் சந்தேகப்படுகிறார்களாம். மலைப்பெயர் எழுதிய நோட்டைக் காட்டினால் நம்புவார்கள் என்று அவள் நினைத்தாள்.

மத்தியானம் இரண்டு மணிக்கு, சாரலுக்கு ஒதுங்கி, சர்ச் வராந்தாவில் இருபது பேர் உட்கார்ந்தார்கள். காலனித் தலைவர் ஞானமுத்துவும் வந்தார். எழுபது வயதுக்கு மேலிருக்கும். அவருடைய தாத்தாவைத்தான் பாதிரியார் முதல் தலைவராக வைத்தார். அன்றிலிருந்து தலைமை அந்த வீட்டில்தான்.

பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தேன். சில பெயர்களுக்கு யாராவது தலையை நிமிர்த்தினார்கள். பெயர்களுக்குப் பிறகு கொள்ளுத்தாத்தாவின் குறிப்புகள். பிள்ளைகளை முதலில் இறக்கினால் பெற்றோர் தாமே வருவார்கள் என்று பாதிரியார் துரை சொன்னதாகவும், பதினோரு பிள்ளைகளை விடுதிக்குக் கொண்டுவந்ததாகவும் எழுதியிருந்தார். சிலுவைக்குறி போட்ட ஏழு பேரும் அந்தப் பதினோரு பேரில் உள்ளவர்கள். காய்ச்சலில் இறந்தவர்கள். அடுத்த வரியில், குகைகளுக்கு வழிகாட்டிய வீரணனுக்கு யேசுவடியான் என்று பெயரிட்டுத் தலைவனாக வைத்தோம் என்றிருந்தது. நான் 'வீரணனுக்கு' என்பதோடு நிறுத்திவிட்டேன். பக்கத்தில் இருந்தவர்கள் ஞானமுத்துவைப் பார்த்தார்கள்.

"வாசிங்கம்மா. எங்க தாத்தன் பேருதான் அது" என்றார் அவர்.

வாசித்தேன். முடித்ததும் ராகேல் ஒன்றுதான் கேட்டாள். "அந்த ஏழு பிள்ளையளையும் எங்க அடக்கம் பண்ணுனாவன்னு போட்டிருக்காக்கா?"

கடைசிப் பக்கம்வரை புரட்டினேன். எழுதியிருக்கவில்லை.

பிறகு அவளே மற்றதைச் சொன்னாள். பாறைத்தேன் எடுக்க ஒருவன் கயிற்றில் தொங்கும்போது, மேலே கயிற்றைப் பிடிப்பவன் அவன் பொண்டாட்டியின் கூடப்பிறந்தவனாகத்தான் இருக்கவேண்டும். தன் தங்கச்சி தாலியறுக்க எவனும் கயிற்றை விடமாட்டான் அல்லவா? ஞானஸ்நானம் எடுத்தவர்கள் மலைக்குப் போகக்கூடாது என்று ஆனபோது மச்சான் கீழே, மாப்பிள்ளை மேலே என்று குடும்பங்கள் பிரிந்தன. கயிறு பிடிக்க ஆளில்லாமல் மேலே இருந்தவர்களும் ஒவ்வொருவராக இறங்கினார்கள். அப்பா சொன்ன கதையில் இந்தக் கயிறு இல்லை.

மறுநாள் காலை பத்தரைக்கு ராகேலும் நானும் தென்காசியில் அந்த அலுவலகத்துக்குப் போனோம். அங்கிருந்த அதிகாரி பொறுமையானவர். நோட்டை மரியாதையாகவே புரட்டினார். தனி ஆள் எழுதிவைத்ததை ஆதாரமாக எடுக்கமுடியாது என்றார். அதற்குப் பிறகு பழைய கோப்பு ஒன்றைத் திறந்து ஒரு கடிதத்தை வாசித்தார். எங்கள் காலனியில் யாரும் காட்டுக்குப் போவதில்லை, காட்டோடு எங்களுக்கு எந்தத் தொடர்பும் இல்லை என்றிருந்தது. இதற்குப் பிறகு எப்படிப் பழங்குடி என்று சான்று கொடுப்பது என்று கேட்டார். கீழே ஞானமுத்துவின் கையெழுத்து. சில வருடங்களுக்கு முன் யாரோ அதிகாரிகள் கேட்டு எழுதிக்கொடுத்தது. இப்படி ஒரு கடிதம் இருப்பதே ராகேலுக்குத் தெரியாது.

நாலரை மணிக்கு ஞானமுத்து வீட்டு வாசலில் நின்றோம். அவள் சத்தம் போடுவாள் என்று நினைத்தேன். வாசித்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டீரா என்று மட்டும் கேட்டாள்.

"வாசிச்சேன். தெரிஞ்சுதான் போட்டேன்" என்றார். "ஆபீஸ்ல எனக்கு நாற்காலி போட்டாவ. அதுவரைக்கும் நம்ம ஆள்ல ஒருத்தனையும் அங்க உக்காரச் சொன்னதில்ல. உக்காந்த பொறவு எந்திரிச்சி முடியாதுன்னு சொல்ல எனக்கு வரல."

அவர்மேல் எனக்குக் கோபம் வந்தது உண்மை. ஆட்டோவில் திரும்பும்போது அது என் பக்கம் திரும்பிவிட்டது. என் கொள்ளுத்தாத்தாவுக்கும் துரை ஒரு நாற்காலி போட்டிருப்பார். அந்த நாற்காலியின் தயவில்தான் நாங்கள் நாலு தலைமுறையாகப் படித்தோம், வேலைக்குப் போனோம். அவர்கள் இறங்கி வந்த இடத்தில் அப்படியே நிற்கிறார்கள்.

ஞானமுத்து அடுத்த வாரமே, பழைய கடிதம் தவறு என்று எழுதி, தானே கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். மூன்று மாதமாகிறது, பதில் இல்லை. நர்சிங் சேர்க்கை முடிந்துவிட்டது. ராகேலின் மகள் சுரண்டையில் ஒரு ஜவுளிக்கடைக்குப் போகிறாள். காலை எட்டரை பஸ், திரும்ப இரவாகிவிடும்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். அருவியில் குளிக்க வார நாளில், காலை ஆறு மணிக்கு முன்னால் போங்கள். பெண்களுக்குத் தனி இடம் உண்டு, ஆனால் துணி மாற்றும் அறையில் வரிசை நீளம். கடைகளில் பளியர் தேன் என்று எழுதி விற்பதை அந்தப் பெயருக்காக வாங்காதீர்கள். நான் கேட்ட மூன்று கடைகளிலும் எடுத்தவர் யாரென்று சொல்லத் தெரியவில்லை. மலையடிவாரக் காலனிகளைச் சுற்றிப்பார்க்கும் இடமாக நினைத்துப் போகவேண்டாம், யாராவது கூப்பிட்டால் போங்கள். நோட்டு இப்போது ராகேலிடம் இருக்கிறது, நான் நகல் வைத்திருக்கிறேன். உங்கள் வீட்டிலும் இப்படி ஏதாவது இருந்தால் உரியவர்களிடம் கொண்டுபோய், அவர்கள் முன்னால் சத்தமாக வாசியுங்கள். குரல் நடுங்கும். யாரும் உங்களைத் தேற்றமாட்டார்கள். தேற்றவேண்டிய கடமை அவர்களுக்கு இல்லை.