புஷ்பக்காவின் வீடும் என் படிவமும்

வீடு வீடாகப் போய், "உங்ககிட்ட என்னவெல்லாம் இல்ல?" என்று கேட்டு எழுதுவதுதான் என் தொழில். அரசாங்க நிவாரணக் கொடுப்பனவு யாருக்குப் போக வேண்டும் என்று விபரம் எடுக்கும் உத்தியோகத்தர் நான். மடுல்சீமைத் தேயிலைத் தோட்டங்களில் பதினொரு வருஷமாக ஏறி இறங்குகிறேன். படிவம் நிரப்பியவர்கள், நிரப்பித் தரச் சொல்லிக் கெஞ்சியவர்கள், வரிசையில் நின்று நின்று கடைசியில் "இன்னைக்கு சார் லீவு" என்று கேட்டவர்கள், எல்லாரும் என் கட்சி. நீங்களும்தான், எனக்குத் தெரியும். வாங்க, சேர்ந்தே புலம்புவோம்.

பிள்ளைக் காம்பராவில் ஏழு டிவி

நான் பஸ்ஸை விட்டு இறங்குவதற்குள் நான் வரும் செய்தி தொழிலாளர்களின் ஒற்றை அறை வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும் மேல் லயம் வரைக்கும் போய்விடும். டிவி இருந்தால் நிவாரணம் வெட்டுப்படும் என்று எந்தப் புண்ணியவானோ கிளப்பி விட்டிருக்கிறான். அன்றைக்கு ஒவ்வொரு காம்பராவிலும் ஒரு வெறும் மேசை, மேலே தொங்கும் ஒரு வயர். "டிவி இருக்கா?" என்றால், "அய்யோ, எங்களுக்கு ஏது மிஸ்!" என்று வரிசையாக ஒரே பதில்.

திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. கொழுந்து எடுக்கப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுப் போகும் பிள்ளைக் காம்பராவுக்குள் ஓடினேன். உள்ளே சுவரோரமாக ஏழு டிவி, எல்லாவற்றுக்கும் படுக்கை விரிப்பு போர்த்தியிருந்தது. "இதென்னக்கா இது?" என்றேன். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாம்மா கண் இமைக்கவில்லை.

"ஏழு பிள்ளைங்க இருக்கு மிஸ். ஒன்னு பாக்குறத மத்தது பாக்க மாட்டேங்குது."

ஒரே ஒரு 'ஆமா'

அதே நாள், அதே லயத்தின் கடைசிக் காம்பரா. புஷ்பக்காவுக்கு அறுபது தாண்டிவிட்டது, கொழுந்து பறிப்பதிலிருந்து ஓய்வு. புருஷன் முத்தையா மாதம் ஒரு தடவை பதுளை ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்குப் போக வேண்டும். அவருடைய பஸ் செலவும் வீட்டு அரிசியும் இந்த நிவாரணத்தில்தான் ஓடுகிறது. "சொந்த வீடு உண்டா?" என்ற கேள்வியை நான் வழக்கமாகக் கேட்பதே இல்லை. லயம் தோட்டத்துக்குச் சொந்தம், அதனால் எல்லாருக்கும் 'இல்லை' என்று நானே போட்டுவிடுவேன். அன்றைக்கு என்னவோ வாய் தவறிக் கேட்டுத் தொலைத்தேன்.

"ஆமா மிஸ், இருக்கு!"

முத்தையா இருமினார். பக்கத்துக் காம்பராக்காரி வாசலில் நின்று வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினாள். புஷ்பக்கா நிறுத்துகிற மாதிரி இல்லை. பண்டாரவளையில் தையல் கடை வைத்திருந்த அவருடைய அண்ணன் கல்யாணமே செய்யாதவர். உயில் ஒன்றும் எழுதாமல் இரண்டு மாதத்துக்கு முன்னால் இறந்துபோனார். இரண்டு அறையும் சமைக்க ஒரு குசினியுமாக அவருடைய வீடு இனி புஷ்பக்காவுக்கும் தம்பி வேலுவுக்கும்தான். வீட்டை இரண்டு பேர் பெயருக்கும் மாற்றக் கோர்ட்டில் கேஸ் போட்டாயிற்று. "கைக்கு வந்திருச்சா அக்கா?" என்று அந்த இடத்தில் நான் கேட்டிருக்க வேண்டும். எங்கே கேட்டேன்! அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து எனக்கும் பல்லெல்லாம் தெரிய, 'உண்டு' என்ற கட்டத்தில் சரி போட்டேன்.

"நல்லா அழுத்திப் போடுங்க மிஸ், அழிஞ்சிரப் போகுது."

யாருடைய வீடு?

மூன்றாம் மாதம் நிவாரணம் நின்றுவிட்டது. இரண்டு பஸ் மாறி புஷ்பக்கா எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். முத்தையா அந்த மாதம் கிளினிக்குக்குப் போகவில்லை, மருந்து முடியப் போகிறது என்றார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வெட்கத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. நேரே என் மேலதிகாரி கணேசலிங்கம் சாரிடம் கூட்டிக்கொண்டு போனேன். யாழ்ப்பாணத்துக்காரர், எதையும் இரண்டு தடவை வாசிக்காமல் கையெழுத்துப் போடமாட்டார்.

"வீடு இருக்கெண்டு நீங்களே சொல்லியிருக்கிறியள். பிறகு என்னம்மா?"

"இருக்கு சார், ஆனா நான் இன்னும் உள்ள காலே வைக்கலயே! சாவி தம்பிகிட்ட இருக்கு. கேஸ் முடியற வரைக்கும் குடியிருக்கவும் கூடாது, வாடகைக்கு விடவும் கூடாது, விக்கவும் கூடாதுன்னு லோயர் சொல்லிட்டாரு."

சார் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "பிள்ளை, நீர் இதைக் கேட்டனீரே?" நான் மேலே சுற்றிய ஃபேனைப் பார்த்தேன். சார் பொறுமையாக விளக்கினார். கோர்ட் வேலை முடிந்து பங்கு கைமாறும் வரைக்கும் அது செத்தவருடைய சொத்துத்தான். கோர்ட் நியமித்த நிருவாகி என்ற முறையில் தம்பி வேலு அதைப் பாதுகாக்கிறார், அவ்வளவுதான். கைக்கு வராததைப் புஷ்பக்காவின் வசதியாக எடுக்க முடியாது. வந்த அன்றைக்கு மட்டும் அவரே வந்து சொல்ல வேண்டும், அப்போது புதிதாகப் பார்ப்போம். புஷ்பக்கா தலையாட்டித் தலையாட்டி முழுவதையும் கேட்டார்.

"அப்ப வீடு எங்க அண்ணனுது. நிவாரணத்த அவருக்குத்தானே நிறுத்தணும் சார், எனக்கு ஏன் நிறுத்துனீங்க?"

எழுத மாட்டேன்

கணேசலிங்கம் சார் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். மேன்முறையீடாக ஒரு கடிதம் போதும் என்றார். இதென்ன பெரிய வேலை என்று ஒரு நிமிஷத்தில் எழுதினேன்: 'எனக்குச் சொந்த வீடு இல்லை.' வாசித்துக் காட்டினேன். புஷ்பக்கா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். மாற்றி எழுதினேன்: 'அண்ணனின் வீட்டுக்கும் எனக்கும் சம்பந்தமில்லை.' அவ்வளவுதான், மூஞ்சி சிவந்துவிட்டது.

"மிஸ், எங்க தாத்தா, எங்க அப்பா, நானு, அம்புட்டுப் பேரும் தோட்டத்துக் காம்பராவுலதான் பொறந்தோம். கூரையில ஒரு தகரம் ஓட்டையானாலும் தோட்டத்து ஆபீஸ் வாசல்ல போயி நின்னு கேக்கணும். எங்க பரம்பரையில இப்பதான் ஒரு வீடு வந்திருக்கு. அத இல்லன்னு என் கையாலயே எழுதச் சொல்றீங்களா?"

"எழுதாட்டி நிவாரணம் வராதேக்கா, முத்தையா மாமாவுக்கு மருந்து?" என்றேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது, ஆனால் பேனாவைத் தொடவில்லை. என்ன பிடிவாதம் இது என்று எனக்குக் கோபம் வந்தது. அப்புறம் யோசித்தால், பாவி, கட்டத்தில் சரி போட்டது நான்தானே! வெலிமடையில் லீக்ஸ், கேரட் என்று காய்கறித் தோட்டம் செய்யும் தம்பி வேலுவுக்குப் போன் போட்டோம். மறுநாள் சேற்றுக் காலோடு, ஒரு கட்டு லீக்ஸோடு வந்து சேர்ந்தார். மூன்று பேரும் உட்கார்ந்து மூன்றாவது கடிதத்தை எழுதினோம்: 'என் அண்ணனின் வீட்டில் எனக்குப் பங்கு உண்டு. வழக்கு முடியாததால் அது இன்னும் என் கைக்கு வரவில்லை.' நிருவாகி என்ற முறையில் வேலுவும் ஒரு கடிதம் வைத்தார். புஷ்பக்கா மூன்று தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, முகமெல்லாம் மலர்ந்து கையெழுத்துப் போட்டார். வேலு என் பக்கம் குனிந்தார்.

"ஒரு கொப்பி குடுங்க மிஸ், அக்கா இத ஃப்ரேம் போட்டு மாட்டிரும்."

லட்டோடு வந்த கடைசி நாள்

நிவாரணம் திரும்ப வந்தது, நின்ற மாதங்களுக்கும் சேர்த்து. முத்தையா மாமா கிளினிக்குக்குப் போனார். ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கும். ஒரு காலையில் புதுச் சேலை, கையில் லட்டுத் தட்டு, புஷ்பக்கா கவுண்டரில் நிற்கிறார். கேஸ் முடிந்தது, வீடு இரண்டு பேர் பெயரிலும் வந்துவிட்டது. அக்காவும் மாமாவும் அதில் இருக்கட்டும் என்று வேலு சொல்லிவிட்டார். அவர் வெலிமடையிலிருந்து அனுப்புகிற லீக்ஸையும் கேரட்டையும் முன் அறையில் வைத்து அக்கா விற்கப் போகிறார். மாமாவின் கிளினிக்கையும் பண்டாரவளைக்கே மாற்றியாயிற்று, இனி நடந்தே போகலாம்.

"வந்தா வந்து சொல்லணும்னீங்க, வந்துட்டேன். நிவாரணத்த நிறுத்திருங்க சார்."

"அவசரப்படாதேங்கோ அம்மா, வருமானம் குறைவெண்டால் திரும்ப விண்ணப்பிக்கலாம்" என்றார் கணேசலிங்கம் சார். தேவைப்பட்டால் வருகிறேன், இப்போது வேண்டாம் என்றுவிட்டார் புஷ்பக்கா. தானாக வந்து இப்படிச் சொன்ன ஆளை நான் அதுவரை கண்டதில்லை. சந்தோஷத்தில் மூன்று லட்டு சாப்பிட்டேன். "வீடு பாக்க எப்பக்கா வரட்டும்?" என்றேன். லயத்தில் கதவு எப்போதும் திறந்துதான் கிடக்கும். கணக்கப்பிள்ளை, நர்ஸ், நான், யாராக இருந்தாலும் "உள்ள யாரு?" என்று கேட்டுக்கொண்டே தலையை நீட்டுவோம். புஷ்பக்கா சேலைத் தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டு நிமிர்ந்து நின்றார்.

"எப்ப வேணாலும் வாங்க மிஸ். ஆனா கதவத் தட்டிட்டு வெளிய நில்லுங்க, நான் வந்து தொறப்பேன்."

நிவாரணம் வேண்டும் என்பதற்கு எங்கள் அலுவலகத்தில் பக்கம் பக்கமாகப் படிவம் இருக்கிறது, வேண்டாம் என்பதற்கு மட்டும் ஒன்றுகூட இல்லை, இதுவரை யாரும் கேட்டதில்லையாம்.