பூதத்தானின் படம்

மும்பைப் புறநகரான டோம்பிவிலியில் ரயில் ஏறினால் மாட்டுங்கா வரை நின்றுகொண்டேதான் வர வேண்டும். ரஞ்சனா இருபத்திரண்டு வருஷமாக அப்படித்தான் வேலைக்கு வருகிறாள். தமிழர் சங்கங்களுக்கு விழா மலர் தயாரித்துத் தரும் சின்ன அலுவலகம். பக்கம் அமைப்பது முழுக்க அவள் பொறுப்பு.

அந்தத் திங்கட்கிழமை, தாராவிச் சங்கம் ஒன்றின் பொன்விழா மலரைத் திறந்ததும் இருநூற்றுப் பதினாறு படங்களைக் காணோம் என்றது கம்ப்யூட்டர். பக்கங்களில் படங்கள் தெரியத்தான் செய்தன. ஆனால் அவை வெறும் மங்கலான மாதிரிகள். அச்சுக்குப் போகும் அசல் எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்பதை மட்டும்தான் அந்த சாஃப்ட்வேர் நினைவில் வைத்திருக்கும். அதை நகர்த்திவிட்டால் திகைத்து நின்றுவிடும்.

முதலாளி வேங்கடசுப்ரமணியனிடம் போய்க் கேட்டாள்.

"சனிக்கிழமை நான்தாம்மா ஒழுங்கு பண்ணினேன். ஒரே குப்பையா கிடந்தது. எல்லாத்தையும் புது டிஸ்க்குக்கு மாத்தி நம்பர் போட்டு வெச்சேன். ரெட்டையா இருந்ததை அழிச்சுட்டேன்."

"பேரையுமா மாத்தினேள் சார்?"

"ஏன், மாத்தப்படாதா?"

இடம் மட்டும் மாறியிருந்தால் புது ஃபோல்டரை ஒருமுறை காட்டினால் போதும், பெயரை வைத்து மற்றவற்றை அதுவே கண்டுபிடித்துவிடும். பெயரும் போன பிறகு முகத்தைப் பார்த்துத்தான் தேட வேண்டும். இதையெல்லாம் அவருக்கு விளக்க அவளுக்குத் தெம்பில்லை. போய் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பொருத்தத் தொடங்கினாள்.

மூன்று நாள் ஆயிற்று. கண் எரிந்தது. கடைசியில் ஒன்றே ஒன்று மிஞ்சியது. அஞ்சலிப் பக்கத்தில் பூதத்தான் என்பவரின் படம். ரெட்டை என்று நினைத்து முதலாளி அழித்ததில் அதுவும் போயிருக்க வேண்டும். சங்கத்தில் கேட்டால், அவர்களிடமும் பிரதி இல்லை.

மறுநாள் மத்தியானம் தாராவிக்குப் போய் பூதத்தானின் மனைவி கோமதியம்மாளைப் பார்த்தாள். நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள்.

"அந்தப் படம் ஒண்ணுதாம்மா இருந்துச்சு. சங்கத்துக்காரவ வாங்கிட்டுப் போயி காப்பி எடுத்துட்டு, திருப்பித் தந்துட்டாவ. போன மழையில வீட்டுக்குள்ள தண்ணி ஏறி அதுவும் ஊறிப்போச்சு."

ரஞ்சனா பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"வேற எங்கயும் கெடைக்காதா?" என்று கேட்டது கோமதியம்மாள்தான்.

"மங்கலா ஒண்ணு மட்டும் இருக்கும்மா. சின்னதா போட்டா முகம் தெரியும்."

"சின்னதாவே போடும்மா. ஆளு தெரிஞ்சா போதும்."

திரையில் இருந்த மாதிரியை அப்படியே எடுத்து, தபால்தலை அளவுக்குச் சுருக்கிப் பக்கத்தில் வைத்தாள். மற்றவர்களின் படங்கள் உள்ளங்கை அகலம் இருந்தன. கொஞ்சம் யோசித்து, அவற்றையும் அதே அளவுக்குக் குறைத்தாள். பக்கம் முழுவதையும் மறுபடி அடுக்க வேண்டியிருந்தது. மலர் நாள் தப்பாமல் அச்சுக்குப் போனது.

"சார், இனிமே எதையாவது நகர்த்தறதுக்கு முன்னாடி எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்கோ."

"ஆகட்டும்மா" என்றார் வேங்கடசுப்ரமணியன், தலை நிமிராமல். சொல்வார் என்று அவளுக்கு நம்பிக்கையில்லை. பையை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தாள்.