எடுத்த இடத்தில் வைக்காத மாமா

எங்கள் பட்டறையில் அவருக்கு எல்லோரும் சேர்ந்து வைத்த பேர் 'அவசரம்'. நான் மட்டும் சார் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். என் வலது பக்கத்து மேசை அக்காவை அவர் கல்யாணம் பண்ணிக்கொண்ட அன்றைக்கே சார், மாமா ஆகிவிட்டார். இதற்காக அவர் என்னிடம் கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்துக்கொள்ள அவருக்கு நேரம் ஏது?

லிஃப்டுக்காக அவர் நின்று யாரும் பார்த்ததில்லை. படிக்கட்டில் ஓடிப்போய், லிஃப்டு கதவு திறக்கும்போது எதிரே நின்று சிரிப்பார். அப்படிப்பட்டவருக்கு அசெம்ப்ளி என்ற கணினி மொழி பிடித்துப்போனதில் அதிசயமில்லை. நாங்கள் சி மொழியில் புரோகிராம் எழுதினால், கம்பைலர் என்ற மென்பொருள் அதைச் சிப்புக்குப் புரிகிற கட்டளைகளாக மாற்றிக் கொடுக்கும். மாமாவுக்கு நடுவில் தரகர் ஆகாது. சிப்பிடம் நேராகப் பேச வேண்டும். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை முதலில் மிதித்தவன் நான். அசெம்ப்ளியும் படித்தேன்தான், ஆனால் பரீட்சை எழுதிய கையோடு அதற்குக் கும்பிடு போட்டுவிட்டேன். மாமாவோ அதைக் கட்டிக்கொண்டு அழாமல், சிரித்துக்கொண்டே குடும்பம் நடத்தினார்.

நாங்கள் செய்தது விதை பிரிக்கும் இயந்திரம். பெல்ட்டில் விதைகள் ஓடி வரும். மேலே கேமரா பார்த்துக்கொண்டிருக்கும். கறுத்துப்போன விதை வந்தால், பெல்ட் முனையில் வரிசையாக இருக்கும் காற்றுக் குழாய்களில் அதற்கு நேரே உள்ளது 'புஸ்' என்று ஊதி அதைத் தனியாகத் தள்ளிவிடும். முழு புரோகிராமையும் சி-யில் எழுதியவள் அக்கா. பாதி வேகத்தில் அழகாக ஓடியது. முழு வேகம் வைத்தால், படத்தை அலசி முடிப்பதற்குள் விதை கீழே விழுந்திருக்கும்.

படத்தை அலசும் அந்த ஒரு பகுதியை மட்டும் அசெம்ப்ளியில் எழுதி இணைத்துவிடுகிறேன் என்றார் மாமா. முதலாளிக்கு இஷ்டமில்லை. அந்தக் கிறுக்கலை அவரைத் தவிர வேறு யாரால் படிக்க முடியும் என்று கேட்டார். கடைசியில் ஒரு நிபந்தனை போட்டார். இயந்திரம் வாங்குகிறவர் வெள்ளிக்கிழமை பார்க்க வருகிறார். அவர் முன்னால் முழு வேகத்தில் ஓடினால் சரி. ஓடாவிட்டால் மாமா இந்த வேலையை விட்டுவிட்டு வெளியூர்க் கிளைக்குப் போய், பழுது பார்க்கிறவராக இருக்க வேண்டும். கல்யாணமாகி இன்னும் வருஷம் திரும்பவில்லை. அங்கே போனால் மாசத்துக்கு ஒரு தடவை வீட்டு முகம் பார்ப்பதே பெரிது. அக்கா தண்ணீர் பாட்டில் மூடியை ஒரு திருகு திருகினாள். அன்றைக்கு அதை யாராலும் திறக்க முடியவில்லை.

மாமா எழுதிக் கொடுத்தார். அக்காவின் ஃபைலையும் அவர் ஃபைலையும் ஒன்றாகச் சேர்ப்பது லிங்கர் என்ற இன்னொரு மென்பொருளின் வேலை. லிங்கரோ, மாமாவின் பகுதியைக் கூப்பிடுகிற பெயரே எங்கும் இல்லை என்று கையை விரித்துவிட்டது. பார்த்தால், வெளியிலிருந்து கூப்பிடலாம் என்று அந்தப் பெயரை அறிவிக்கவே மாமா மறந்திருக்கிறார்.

“உள்ள உக்காந்துகிட்டு கதவைத் தாப்பாள் போட்டா, வர்றவங்க எப்படிங்க வருவாங்க?” என்றாள் அக்கா.

ஒரு வரி சேர்த்ததும் இணைந்துவிட்டது. ஓட்டிப் பார்த்தோம். கறுப்பு விதை ஒன்றுகூடத் தப்பவில்லை. மாமா என் நாற்காலியை என்னோடு சேர்த்து ஒரு சுற்று சுற்றிவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலையில் அக்கா வழக்கப்படி, புரோகிராமை இன்னும் கச்சிதமாக்கித் தரும்படி கம்பைலருக்குச் சொல்லிக் கடைசிப் பதிப்பை உருவாக்கினாள். பெல்ட்டைப் போட்டோம். நல்ல விதைகள் எல்லாம் பறந்தன. கறுப்பு விதைகள் மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி நிதானமாகப் போய் நல்ல தட்டில் இறங்கின.

சண்டை ஆரம்பமானது. நடுவில் என் மேசை. என்னுடையது நேற்று ஓடியதே என்றார் மாமா. என்னுடையது வருஷக்கணக்காக ஓடுகிறதே என்றாள் அக்கா. மாமா தன் பகுதியைத் தனியாக ஓட்டிக் காட்டினார். கறுப்பைச் சரியாகக் கண்டுபிடித்தது. அக்கா அதைக் கழற்றிவிட்டுத் தன் பழைய பகுதியைப் போட்டாள். மெதுவாக இருந்தாலும் சரியான குழாய் ஊதியது. தனித்தனியாக இரண்டும் தங்கம். சேர்ந்தால்தான் வினை. முதலாளி கண்ணாடி அறையிலிருந்து வந்து பார்த்தார். பெட்டியைக் கட்டத் தயாராக இருக்கும்படி மாமாவிடம் மெதுவான குரலில் சொல்லிவிட்டுப் போனார்.

மாமா உட்கார்ந்துவிட்டார். அப்புறம் எதையோ கணக்குப் போட அக்காவின் பேனாவை எடுத்தார். எழுதினார், எழுந்தார், பேனாவோடு இயந்திரத்தின் பக்கம் போய்விட்டார்.

அக்கா பேனாவுக்காகக் கை நீட்டினாள். இல்லை. அவர்கள் வீட்டில் சாவி, கத்தரிக்கோல், துண்டு, எல்லாவற்றுக்கும் இதே கதைதான். கல்யாணமான நாளிலிருந்து பாதிப் பொழுது தேடுவதிலேயே போகிறது என்று என்னிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். இப்போது திட்டவில்லை. பேனா இருந்த இடத்தையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏங்க, உங்க ரொட்டீனைக் காட்டுங்க. நடுவுல வேலை செய்யிற இடம் வேண்டாம். உள்ள நுழையிற இடத்தையும் வெளிய வர்ற இடத்தையும் மட்டும் காட்டுங்க.”

சிப்புக்குள் கைக்கெட்டும் தூரத்தில் ரெஜிஸ்டர் என்று சில சின்னப் பெட்டிகள் உண்டு. கூப்பிட்டதும் வருகிற ரொட்டீன், அதாவது மாமா எழுதியது மாதிரித் துண்டு புரோகிராம், அவற்றில் சிலதை இஷ்டம்போல் பயன்படுத்தலாம். மற்றவை கூப்பிட்டவருடைய உடைமை. அவற்றைத் தொட்டால், உள்ளே இருந்ததை முதலில் ஸ்டாக் என்ற நினைவக அடுக்கில் பத்திரமாக வைத்து, திரும்பிப் போகும்போது அப்படியே போட்டுவிட்டுப் போக வேண்டும். இதுதான் இரண்டு பேருக்கும் உள்ள ஒப்பந்தம்.

“நாலுலேர்ந்து ஏழு வரைக்கும் திருப்பி வச்சிருக்கீங்க. எட்டாவதை எடுத்திருக்கீங்க. வைக்கலை.”

இன்னும் கொஞ்சம் வேகம் கிடைக்கட்டும் என்று பிற்பாடு அந்த எட்டாவதை இழுத்துப் போட்டவர் மாமாதான். நேற்றுவரை அங்கே அக்காவுக்கு எதுவும் இல்லாததால் தப்பித்தார். இன்று காலை கம்பைலர், எந்தக் குழாய் ஊத வேண்டும் என்ற எண்ணைக் கொண்டுபோய் அதே பெட்டியில் வைத்திருக்கிறது. மாமாவின் ரொட்டீன் வந்து அதைத் தூக்கி எறிந்துவிட்டுத் தன் சாமானை வைத்துவிட்டுப் போயிருக்கிறது.

மாமா திரையைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து மேசையில் வைத்தார்.

“இதை எப்படிக் கண்டுபிடிச்சே?”

“கண்டுபிடிக்கலை. குடித்தனம் பண்றேன்.”

நான் சிரித்த சிரிப்பில் கண்ணாடி அறைக் கதவு திறந்தது. உள்ளே நுழையும் இடத்திலும் வெளியேறும் இடத்திலும் எட்டாவதையும் சேர்த்து எழுதினார் மாமா. மறுபடி இணைத்தார்கள். வாங்குகிறவர் மாடிப்படி ஏறி வரும் சத்தம் கேட்டது. அக்கா பெல்ட்டை முழு வேகத்தில் வைத்தாள். புஸ், புஸ், புஸ் என்று கறுப்பு விதைகள் மட்டும் தெறித்துப் பறந்தன. வந்தவர் ஒரு பிடி கறுப்பு விதையை அள்ளித் தானே பெல்ட்டில் தூவினார். எல்லாம் பறந்தன. மறுபடி ஒரு பிடி. விலை பேச வந்ததையே மனிதர் மறந்துவிட்டார்.

முதலாளி மாமாவின் தோளைத் தட்டி, “ஆனா நீ வெளியூர் போகத்தான் வேணும்” என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வாங்குகிறவர் இடத்தில் இயந்திரத்தைப் பொருத்தி, ஓடவிட்டுத் திரும்ப வேண்டும், அவ்வளவுதானாம்.

“நானும் போறேன் சார். உள்ள ஓடுறது பாதி என்னோடது” என்றாள் அக்கா.

கல்யாணத்துக்குக் கொடுத்த லீவு பத்தவில்லையா என்று கேட்டார் முதலாளி. டெலிவரி நெருக்கடி என்று நீங்கள் லீவே கொடுக்கவில்லை என்றாள் அக்கா. முதலாளி யோசித்துப் பார்த்தார். உண்மைதான் என்று தெரிந்ததும் தலையைச் சொறிந்துகொண்டு, சரி, இரண்டு பேரும் கிளம்புங்கள் என்றார். மாமா முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

வாங்க வந்தவர் மட்டும் இதில் எதையும் கவனிக்கவில்லை. இன்னும் கொஞ்சம் கறுப்பு விதை கிடைக்குமா என்று என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.