பெண்ணாடத்துக்குப் போகாத மாத்திரை

ஒரு வியாழக்கிழமை மாலை ஐந்து மணிக்கு என் அண்ணன் கடலூர் செம்மண்டலத்தில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்தார். எங்களுக்குக் கெட்ட காலம் தொடங்கியது அப்போதுதான். மகன் ரத்தமாக இருமிய நாளைக்கூட நான் அப்படிச் சொல்லமாட்டேன். அதற்கு மருந்து இருந்தது.

கடலூரில் காட்டினால் வெளியே தெரிந்துவிடும் என்று, முதுநகரில் ரயிலேறிச் சிதம்பரத்து டாக்டரிடம் போயிருந்தோம். காசநோய் என்றார். ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் விட்டுவிட வேண்டுமா என்று கேட்டேன்.

“அந்தக் காலம் போச்சும்மா. மெட்ராஸ்ல ஆராய்ச்சி பண்ணிப் பாத்துட்டாங்க. வீட்டுல இருந்து மாத்திரை சாப்பிட்டவங்களும் நல்லாவே தேறுனாங்க. அதனால கூட இருந்தவங்களுக்கு ஜாஸ்தியா ஒட்டவும் இல்ல. ஆனா ஒண்ணு. இருமல் நின்னுடுச்சுன்னு மாத்திரைய நிறுத்தாதீங்க. கிருமி மருந்துக்குப் பழகிடும். அப்புறம் இந்த மாத்திரை கேக்காது.”

வயிற்றைப் புரட்டும் அந்த மாத்திரைகளை மகன் முகம் சுளித்தபடி விழுங்கினான். சில மாதங்களில் இருமல் நின்றது, கன்னத்தில் சதை வைத்தது. விஷயம் அண்ணனைத் தவிர யாருக்கும் தெரியாது.

கணவர் இல்லாத வீடு. மகளுக்குச் சம்பந்தம் பேசுவது தாய்மாமனான அண்ணன்தான். பெண் பார்க்க வரப்போகிறார்கள் என்று சொல்லத்தான் அந்த வியாழக்கிழமை வந்திருந்தார்.

“அவுங்க வர்றப்ப இவன் ஒரு தும்மல் போட்டாலும் போச்சு. பெண்ணாடத்துல என் சிநேகிதன் வீட்டுல இருக்கட்டும். கரும்பு வெட்டு மேற்பார்வை பாக்குறான்னு சொல்லிக்கலாம்.”

“மாத்திரை?”

“எடுத்துட்டுப் போகட்டும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளக் கேக்குற மாதிரி என்னக் கேக்காத.”

மூன்று மாத மாத்திரை நிறைந்த டின்னை நான்தான் மகனின் பெட்டியில் வேட்டிக்கு அடியில் வைத்தேன். அண்ணன் பஸ் ஏற்றிவிட்டார்.

மாப்பிள்ளை வீட்டார் வருவது இரண்டு மாதமாகத் தள்ளிக்கொண்டே போனது. மகனிடமிருந்து கார்டு வரும். சௌக்கியம் என்றிருக்கும். கார்டை யாரும் படிக்கலாம் என்பதால் மருந்தைப் பற்றி அவன் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை.

அவர்கள் வருவதாகச் சொன்ன ஞாயிற்றுக்கிழமை காலை, தாம்பாளம் வாங்க அண்ணன் வீட்டுக்குப் போனேன். அலமாரியில் தாம்பாளத்துக்குப் பின்னால் அந்த டின் இருந்தது. திறந்தேன். நான் வைத்தபடியே நிறைந்திருந்தது.

“பஸ் ஸ்டாண்டுல நான்தான் எடுத்தேன்” என்றார் அண்ணன். “அங்க யாராச்சும் பாத்துட்டா பேச்சு மாப்பிள்ளை வீடு வரைக்கும் போயிடும். அவன்தான் தேறிட்டானே! அம்மா அனுப்பி வைப்பான்னு சொன்னேன், சரின்னு பஸ் ஏறிட்டான்.”

“கிருமிகிட்டயும் சொல்லிட்டு வந்தீங்களாண்ணே?”

“குத்திப் பேசாத. எல்லாம் உன் பொண்ணுக்காகத்தான். இன்னைக்கு ஒரு நாள் பொறு, நாளைக்கு நானே கொண்டுபோய்க் குடுக்கறேன்.”

மெட்ராஸில் அத்தனை நோயாளிகளை வைத்து ஆராய்ந்தவர்களுக்குத் தாய்மாமன்களைப் பற்றி யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள்.

நான் பொறுக்கவில்லை. அன்றே பெண்ணாடம் போய்விடுவதென்று, பஸ் காசு எடுக்க டின்னும் கையுமாக வீட்டுக்குத் திரும்பினேன். எங்கள் வாசலில் கார் நின்றிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் இறங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால், பெட்டியோடு மகன் வந்துகொண்டிருந்தான். சட்டை தோளில் தொங்கியது. வாயைப் பொத்தியிருந்த துண்டில் மறுபடியும் அதே சிவப்பு.

அவர்களை அவன் பார்க்கவே இல்லை. என் கையைப் பார்த்தான்.

“உங்கிட்டயேதான் இருந்துச்சாம்மா?” என்றான்.