ஐயன் பேரில் நாலு ஏக்கர்

என் அண்ணனுக்குப் பென்ஷன் கிடையாது. மஸ்கட்டில் சிமெண்ட் லாரிகளுக்கு மெக்கானிக். உடம்பு ஓடுகிறவரை சம்பளம், விசா முடிந்தால் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊர் வந்து சேர வேண்டியதுதான். எழுபதுகளின் கடைசியில் எங்கள் மோகனூர்ப் பக்கம் இதெல்லாம் யாருக்குத் தெரியும்? வெளிநாடு போனவன் என்றால் அவனுக்கு என்ன குறைச்சல் என்பார்கள். எனக்கும் அதே நினைப்புதான். வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை.

அண்ணன் விவரமானவர். நாமக்கல் லாரிப் பட்டறையில் தொழில் படித்தவர். முதல் லீவில் வந்தபோதே சொல்லிவிட்டார், "நாப்பத்தஞ்சு வயசுக்கு மேல ஒரு நாள்கூட அங்க இருக்க மாட்டேன்டா. வாய்க்காப் பாசனத்துல ஒரு நாலு ஏக்கர் இருந்தாப் போதும். கரும்பு கொஞ்சம், வாழை கொஞ்சம். கடைசி வரைக்கும் கஞ்சி குடிச்சுக்குவேன்." அண்ணியும் இரண்டு பெண்பிள்ளைகளும் பள்ளிக்கூடத்துக்காக சேலத்தில், அஸ்தம்பட்டியில் வாடகை வீட்டில் இருந்தார்கள். நானும் ஐயனும் ஊரில். ஐயன் என்றால் எங்கள் அப்பா. அம்மா முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள். மூன்று இடத்தில் மூன்று அடுப்பு எரிவது அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. அந்த நாலு ஏக்கரில்தான் குடும்பம் ஒன்று சேரும் என்று நம்பிக்கொண்டிருந்தார்.

அவர் நினைத்த மாதிரியே நிலம் ஒன்று விலைக்கு வந்தது. எழுதிப் போட்டேன். பணத்துக்கு வழி செய்துவிட்டு அண்ணன் கடிதம் போட்டார். ஐயனுக்கு எழுத்து தெரியாது, நான்தான் படித்துக் காட்ட வேண்டும். நலம் விசாரித்தது, வெயில், சாப்பாடு எல்லாம் படித்தேன். பக்கத்தின் அடியில் ஒரு வரி இருந்தது. "பத்திரம் உன் அண்ணி பேரில் இருக்கட்டும். ஐயனிடம் பக்குவமாகச் சொல்."

பக்குவமாகவா? எங்கள் ஐயனிடமா? எங்கள் பக்கம் அப்பன் உயிரோடு இருக்கும்போது மகன் தன் பேரில் நிலம் வாங்கினாலே அப்பனைத் தள்ளிவைத்த மாதிரி. இதில் மருமகள் பேரில் என்றால் கேட்கவே வேண்டாம். கீழத்தோட்டத்துக்காரர் மகன் அப்படி ஒரு வேலை செய்தபோது, "அப்பன் குத்துக்கல்லாட்டம் இருக்கயில மவம் பேருல பத்திரமா? நாண்டுக்கிட்டுச் சாவலாம்" என்று ஐயன் ஒரு மாதம் புலம்பினார். அந்த மனிதரிடம் போய் இதை எப்படிச் சொல்வது? எனக்குப் பயம். அன்றைக்குப் பயம் மட்டும்தான், சாமி சத்தியமாக வேறு எண்ணம் இல்லை. அந்த ஒரு வரியை முழுங்கிவிட்டு, "இப்படிக்கு" என்று முடித்தேன்.

"அவ்வளவுதானா?" என்றார் ஐயன்.

"அவ்வளவுதானுங்க."

பத்திர ஆபீசில் எழுத்தர் யார் பேருக்கு என்று கேட்டார். ஐயன் சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டு, மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார். "எம் பேருக்குத்தான். பின்ன?" என்றார். மகன் சம்பாதித்து அப்பன் பேரில் வாங்குகிறான் என்று அங்கிருந்தவர்கள் மெச்சினார்கள். ஐயன் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பை நான் பார்த்ததே இல்லை. மஞ்சள் பையைப் பிடித்துக்கொண்டு நானும் சிரித்தேன். அண்ணனுக்குக் கிரயம் முடிந்தது என்று மட்டும் எழுதினேன்.

அடுத்த லீவில் அண்ணன் வந்து பத்திரத்தை வாங்கிப் பார்த்தார். முகம் ஒரு மாதிரி ஆனது. ஐயன் எதிரிலேயே உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். அண்ணன் பத்திரத்தை மடித்துக் கொடுத்துவிட்டு, "நல்ல மண்ணுங்கய்யா" என்றார். அவரிடம் கேட்கிற தைரியம் அண்ணனுக்கும் இல்லை.

ஆறேழு வருஷம் அந்த நாலு ஏக்கர் காட்டில் பாடுபட்டது நான்தான். பாத்தி கட்டினேன், தண்ணி பாய்ச்சினேன், ஆலைக்குக் கரும்பு ஏற்றினேன். எந்த நாளில் அது என் நிலம் என்று தோன்ற ஆரம்பித்ததோ தெரியவில்லை. ஒருநாள் மத்தியானம் ஐயன் நெஞ்சு வலிக்கிறது என்றார். வண்டி பிடிப்பதற்குள் போய்விட்டார். உயில் ஒன்றும் எழுதி வைக்கவில்லை. பேர் அவர் பேர், மகன்கள் இரண்டு பேர். ஆளுக்குப் பாதி என்று உறவுக்காரர்கள் பேச ஆரம்பித்தார்கள்.

கருமாதி முடிந்த மறுநாள் அண்ணன் என்னை வாய்க்கால் கரைக்குக் கூட்டிப்போனார். அவருக்கு நாற்பத்தைந்து ஆக இன்னும் ஒரு வருஷம்தான் பாக்கி.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன்டா. அண்ணி பேருல எழுதச் சொல்லியிருந்தனே, அத ஐயங்கிட்டப் படிச்சுக் காட்டினயா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். பயந்துவிட்டேன் என்று காலில் விழுந்திருக்கலாம். திட்டியிருப்பார், ஓங்கி ஒன்று வைத்திருப்பார், அதோடு போயிருக்கும். நாலு ஏக்கரும் அவரிடம் போயிருக்கும், அதுதான் நியாயம். ஆனால் என் வாய் என்ன சொன்னது தெரியுமா?

"படிச்சனுங்ணா. ஐயந்தான் ஒத்துக்கல. ரெண்டு மவனுக்கும் சமமாப் போவட்டும்னு சொல்லிப்போட்டாரு."

செத்துப்போன மனுஷன் எழுந்து வந்தா சாட்சி சொல்லப்போகிறார்? அண்ணன் தண்ணீரைப் பார்த்தபடி, "ஐயன் சொன்னாரா? அப்படீன்னாச் சரி" என்றார். அவ்வளவுதான். என்னோடு சண்டை போட்டிருப்பார், ஐயன் வார்த்தையோடு சண்டை போட மாட்டார். அது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன், பாவி.

ஆளுக்கு இரண்டு ஏக்கர் பிரித்தோம். பெரிய பெண் கல்யாண வயதுக்கு வந்துகொண்டிருந்தாள். இரண்டு ஏக்கரை வைத்துக்கொண்டு அண்ணனால் திரும்பி வர முடியவில்லை. இன்னும் இரண்டு வருஷம் என்று மறுபடி மஸ்கட் போனார். அதற்குப்பின் இன்னொரு இரண்டு வருஷம்.

எண்பதுகளின் கடைசியில் ஒரு லீவுக்கு வந்தார். நாற்பத்தெட்டு வயதிலேயே முன்தலை முழுக்க நரைத்திருந்தது. முட்டியைப் பிடித்துக்கொண்டுதான் வரப்பில் ஏறினார். வெயிலில் லாரிக்கு அடியில் படுத்துப் படுத்து இடுப்பு போய்விட்டது என்றார். என் பங்கில் கரும்பு ஆள் உயரம் நின்றது. அதைப் பார்த்தபடி, என் பக்கம் திரும்பாமலேயே கேட்டார்.

"ஏன்டா, உன்ற பங்க எனக்குக் குத்தகைக்கு உடறயா? ரெண்டையும் சேத்துப் பாடுபட்டா ஊட்டுச் செலவு ஓடிப்போயிரும். நான் அங்க திரும்பிப் போவ வேண்டாம். ஊருல எல்லாரும் குடுக்கற குத்தகைய நானும் குடுத்தர்றேன்."

எடுத்துக்குங்ணா, உங்க நிலந்தானே என்று சொல்ல வேண்டிய இடம் அதுதான்.

"கேட்டுச் சொல்றேனுங்ணா" என்றேன்.

யாரைக் கேட்க? நிலம் என் பேரில் இருந்தது. அண்ணன் லீவு முடிகிற நாள்வரை அந்தப் பதிலுக்காகக் காத்திருந்துவிட்டு மஸ்கட்டுக்கு விமானம் ஏறினார்.