தகடு மாறிய நான்கு வேகன்கள்

நான் படித்தது இயந்திரவியல். வேலை பார்ப்பது வக்கீல் அலுவலகத்தில். ரயில் வேகன் வாங்கக் கடன் கொடுப்பவர்களுக்கும், வாங்கியதைக் குத்தகைக்கு விடுபவர்களுக்கும் எங்கள் சீனியர் சட்ட ஆலோசனை சொல்வார். ஒப்பந்தத்தில் இருக்கும் வேகன் நிஜமாகவே தண்டவாளத்தில் நிற்கிறதா என்று பார்த்து வருவது என் பங்கு.

அன்று திருவொற்றியூரில் ஒரு பட்டறை. வள்ளூர் அனல்மின் நிலையத்துக்கு நிலக்கரி கொண்டுபோகும் பத்து வேகன்கள் புதுப் பெயின்ட் அடித்து நின்றன. ஆறு ஒரு நிறுவனத்துடையவை, நான்கு இன்னொன்றுடையவை. ஒவ்வொன்றிலும் உரிமையாளர் பெயர் பொறித்த நீலத் தகடு உண்டு. குத்தகைக்கு எடுத்தவர் நொடித்துப்போனால், எந்த வேகனை யார் மீட்கலாம் என்பதற்கு அதுதான் முதல் சாட்சி.

குனிந்து அடிச்சட்டத்தில் வெட்டிய எண்ணைப் படிப்பேன். நிமிர்ந்து தகட்டிலுள்ள பெயரைப் படிப்பேன். இரண்டும் ஒப்பந்தப் பட்டியலோடு ஒத்தால் டிக். இரண்டாவது வேகனில் பேனா நின்றது. நான்கு, ஏழு, ஒன்பதிலும் நின்றது. தகடு எதுவும் தொலையவில்லை, இடம்தான் மாறியிருந்தது.

"இன்னாமா, கணக்கு ஒதைக்குதா?" என்றார் பெயின்ட் அடிக்கும் அக்கா. புளியந்தோப்பிலிருந்து தினக்கூலிக்கு வருபவர்.

"தகடெல்லாம் யாருக்கா கழட்டினது?"

"நான்தான். அதுமேல பெயின்ட் பட்டா மேஸ்திரி குதிப்பாரு. எல்லாத்தையும் பக்கெட்ல போட்டு, காஞ்சப்புறம் மாட்டிட்டேன்."

"எது எதுலேருந்து எடுத்ததுன்னு குறிக்கலையா?"

"எல்லாம் நீலமாத்தானே கீது!" என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "எம்பேர எழுதிடாதமா. போன மாசம்தான் ஒருத்திய கேட்டோட அனுப்ச்சானுங்க."

சீனியரைப் போனில் கூப்பிட்டேன். "திருத்தலாம். ஆனா மாறி இருந்ததை மறைக்காதே. கையெழுத்து உன்னோடது" என்றார்.

ஒரே ஸ்பேனரை மாற்றி மாற்றி வாங்கி நாங்கள் இருவரும் நான்கு தகடுகளையும் கழற்றி மாட்டினோம்.

"பர்வால்லியே, நட்டு எந்தப் பக்கம் சுத்தணும்னு தெரிஞ்சு வெச்சிகினு கீற!"

"அதுக்குத்தான் நாலு வருஷம் படிச்சேன்க்கா."

அறிக்கையில் 'காரணம்' என்று ஒரு கட்டம் உண்டு. எழுதுமுன் ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தேன். பராமரிப்புப் பகுதி, தகடு சேதமாகக் கூடாது என்கிறது. பெயின்ட் அடிக்கக் கழற்றினால் எப்படிக் குறித்துவைப்பது என்று ஒரு வரியும் இல்லை. அதையே எழுதினேன்: நான்கு தகடுகள் மாறியிருந்தன, கழற்றி மாட்டும் முறை ஒப்பந்தத்தில் சொல்லப்படவில்லை, என் முன்னிலையில் சரிசெய்யப்பட்டன.

பட்டறை மேலாளர் படித்துவிட்டு, "யார் பண்ணதுன்னு போடலையே?" என்றார்.

"அதுக்கு இதுல கட்டம் இல்ல சார்."

"அப்போ நான் யாரைப் போய்க் கேக்கறது?"

"ஒப்பந்தம் எழுதினவங்களை."

எழுதியது எங்கள் அலுவலகம். சீனியர் அறிக்கையை இரண்டு முறை படித்தார். அடுத்த ஒப்பந்தத்தில், தகட்டைக் கழற்றினால் வேகன் எண்ணைக் குறித்துவைக்க வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தார்.

அடுத்த ஆய்வுக்குப் போனபோது அதே அக்கா, அதே பக்கெட். ஒவ்வொரு தகட்டின் பின்னாலும் சாக்பீஸில் வேகன் எண் இருந்தது. "பாத்துக்கோ" என்று ஒவ்வொன்றாக எடுத்து நீட்டினார். பத்தையும் அடிச்சட்டத்தோடு சரிபார்த்தேன். கடைசி டிக் விழும்வரை அவர் பக்கத்திலேயே நின்றார்.